கிறிஸ்ரினாவின் குரலுக்கு ஒரு றிவேர்ப்

சுவாமி, உங்கட கோயிலின்ர எதிரொலி நல்லது. நீங்கள் பிரசங்கத்தை முடிச்சாலும் அது முடிக்காது. குறை சொல்லேல்லை, எல்லாம் அதுக்காகத்தான் நடந்தது.

பெருநாளுக்குப் பாட்டு சீடி ஒண்டு போடச் சொன்னது நீங்கள்தான். பாடகர் குழுவில ஓர்கன் வாசிக்கிறவன் நான், கொம்பியூட்டரும் என்னட்டத்தான் இருக்கு. கிறிஸ்ரினா தனியப் பாடின பாட்டை லினக்ஸில மிக்ஸ் பண்ணினன். குரலுக்குக் கோயிலுக்குள்ள பாடின மாதிரி எதிரொலி குடுக்கிறதைத்தான் றிவேர்ப் எண்டுறது. லினக்ஸில சும்மா கிடைக்கிற றிவேர்ப் எல்லாம் போட்டுப் பாத்தன். ஒண்டில அவள் தண்ணித் தாங்கிக்குள்ள நிண்டு பாடினாள், மற்றதில தகர வாளிக்குள்ள. அந்தப் பிள்ளைக்கு அது அநியாயம்.

நாரந்தனையில இருந்து பஸ் ஏறிப் போய், யாழ்ப்பாணத்தில இன்ரநெற் கடையில இருந்து தேடினனான். வழி ஒண்டு இருந்தது. கோயிலுக்குள்ள ஒருக்கா வெடிச்சத்தம் போட்டு, அது அடங்கிறதைப் பதிஞ்சு குடுத்தால், கொம்பியூட்டர் அந்த எதிரொலியை அப்பிடியே பாட்டில ஏத்தும். வெறுங்கோயில் சரிவராது, சத்தம் இழுபடும். சனம் நிறைஞ்சிருந்தால் உடுப்புகள் சத்தத்தைக் குடிக்கும், அளவாயிருக்கும். சீனவெடி வேண்டாமெண்டு விட்டன், நேவிக் காம்ப் கிட்டத்தான் இருக்கு. பலூன் ஒண்டை உடைச்சால் போதும். நான் யோசனையில்லாத ஆள் இல்லை.

ஞாயிறுப் பூசையில குழந்தையள் அழும், கிழவர்மார் இருமுவினம். முழுக் கோயிலும் மூச்சுப் பிடிச்சுக்கொண்டிருக்கிற நேரம் ஒண்டுதான். கலியாணத்தில நீங்கள் மாப்பிளையிட்டச் சம்மதமோ எண்டு கேக்கிற நேரம். அந்தக் கிழமை வந்தது கிறிஸ்ரினாவின்ர கலியாணம். அது தற்செயல்.

மேல, ஓர்கனடியில நிண்டு பலூனைக் குத்தினன். சமாதான காலம்தான், ஆனால் சனத்தின்ர உடம்புக்கு அது இன்னும் தெரியேல்லை. எல்லாரும் நிலத்தில. தாய்மார் பிள்ளையளுக்கு மேல விழுந்து படுத்தினம். கனடா மாப்பிளை கிளின்ரன் உங்கட உடுப்பு அலுமாரிக்குள்ள பூந்து கதவைச் சாத்திப்போட்டார், ஆள் நல்ல கெட்டிக்காரன். பெண்ணின்ர தாய் அந்தோனியம்மாவை ஆரோ தள்ளிவிழுத்த, இடுப்பு முறிஞ்சது. இனி நடக்கிறது கஷ்டமாம். அதை நான் யோசிக்கேல்லை, வருத்தம்தான். நடுவில கிறிஸ்ரினா மட்டும் பூச்செண்டோட நிண்டவள்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில வைச்சுக் கிளின்ரன் அவளிட்டக் கலியாணத்துக்குத் திரும்பக் கேட்டவர். "என்னை விட்டிட்டு ஓடின ஆளோட எனக்கு ஏலாது" எண்டு சொல்லிப்போட்டாள். இப்ப அவள் பாட வாறதில்லை, தாயின்ர கட்டிலடியில இருக்கிறாள். நான்தான் ரெண்டு பேருக்கும் சாப்பாடு கொண்டு போறன். இந்தப் பொடியன் இல்லாட்டி நாங்கள் என்ன செய்திருப்பம் எண்டு அந்தோனியம்மா எல்லாரிட்டையும் சொல்லுறாவாம். கேக்கச் சந்தோஷமாயிருக்கு.

பதிஞ்சதை ஒருக்காப் போட்டுக் காட்டு எண்டு நீங்கள் கேக்கிறது நியாயம். கொம்பியூட்டரும் மைக்கும் அண்டைக்கு வீட்டில இருந்தது, சுவாமி. நான் கோயிலுக்குக் கொண்டு வந்தது பலூனும் ஊசியும் மட்டும்தான்.