ஈசானிய மூலையில் ஒரு கிளிக்

இருங்க... இந்த இடத்துல ஒரு குட்டிக்கதை சொன்னாத்தான் எனக்குத் தொண்டை திறக்கும். தூங்குறவங்களைப் பக்கத்துல இருக்கிறவங்க எழுப்பி விடுங்க.

சிவகாசியில ஒரு காலண்டர் அச்சாபீஸ். முதலாளி பேரு தவசிலிங்கம். அங்க பேப்பர் வெட்டுற மெஷினுக்கு மேல ஒரு கேமரா மாட்டினாங்க. எதுக்கு? மெஷின் ஓட்டுற சுடலைமுத்துவோட விரலைக் காப்பாத்த! கம்ப்யூட்டர் திரையில, கத்தி இறங்குற இடத்தைச் சுத்தி மவுஸால இழுத்து ஒரு கட்டம் போடணும். அந்தக் கட்டத்துக்குள்ள பேப்பரைத் தவிர கையோ வேற எதுவோ வந்தா கேமரா பார்த்திடும், மெஷின் நின்னுடும். புரோகிராம் எழுதினது ரெஜினான்னு ஒரு பொண்ணு.

நல்ல விஷயம்தானே? அதுக்குத் திறப்பு விழா வச்சாங்க... அங்கதான் வந்துச்சு வினை!

முதல் கட்டத்தை யாரு போடறது? முதலாளிதான். ரெஜினா பணிவா சொல்லுது, "சார், இடது பக்கம் மேல அமுக்கி, வலது பக்கம் கீழ வரைக்கும் இழுங்க."

பக்கத்துல வாஸ்துக்காரர் நிக்கிறாரு... சும்மா இருப்பாரா? "ஐயா, நல்ல காரியத்தை ஈசானிய மூலையிலதான் தொடங்கணும்!"

ஈசானியம்னா வடகிழக்கு, திரையில அது வலது பக்கம் மேல. முதலாளி அங்க அமுக்கினாரு... இடது பக்கம் கீழ கொண்டுபோய் விட்டாரு. பச்சைக் கட்டம் ஜம்முனு வந்துச்சு. எல்லாரும் கைதட்டினாங்க. ரெஜினாவுக்கு மட்டும் தெரியும், இது வேலை செய்யாதுன்னு. ஏன்? தான் இழுக்கிற மாதிரியேதான் ஊரே இழுக்கும்னு நினைச்சு எழுதியிருக்கு அந்தப் பொண்ணு! மாத்தி இழுத்தா, கணக்குல கட்டத்தோட அகலம் பூஜ்யத்துக்கும் கீழ போயிடும். கோடு தெரியும்... கேமரா உள்ள எதையும் பார்க்காது. இது தெரிஞ்சும் என்ன பண்ணிச்சு? அதுவும் கைதட்டிச்சு! முதலாளி கிளம்பினப்புறம் திருத்திக்கலாமாம்.

முதலாளி கிளம்பினாரா? "டேய் சுடலை! மெஷினை ஓட்டிக்கிட்டே கையை உள்ள நீட்டுறா. மெஷின் நிக்குறதை எல்லாரும் பார்க்கட்டும்!"

சுடலைமுத்து... நீட்டுறான்யா!

"அண்ணே, வேண்டாம்!" ரெஜினா பாய்ஞ்சு அவன் கையைப் பிடிச்சு இழுத்துடுச்சு.

"ஏம்மா, கட்டம்தான் பச்சையா தெரியுதே?"

"தெரியுது சார்... ஆனா வேலை செய்யாது."

முதலாளி நம்பல. தோள்ல கிடந்த பொன்னாடையை எடுத்துக் கத்திக்குக் கீழ தூக்கிப் போட்டாரு. சரக்! பொன்னாடை ரெண்டு துண்டு.

"அப்பவே சொல்றதுக்கு என்னம்மா?"

"எல்லாரும் கைதட்டினாங்க சார்..."

எந்தப் பக்கமிருந்து இழுத்தாலும் ஏத்துக்கிற மாதிரி, ரெஜினா அன்னைக்கே புரோகிராமை மாத்திடுச்சு. முதலாளி இப்ப ஊரெல்லாம் என்ன சொல்லிட்டுத் திரியறாரு தெரியுமா? "பார்த்தீங்களா, கம்ப்யூட்டரே வாஸ்துவுக்குக் கட்டுப்பட்டுருச்சு!"

சிரிக்கிறீங்க... சிரிங்க, சிரிங்க. நாம மட்டும் என்ன பண்றோம்? பெரிய மனுஷங்க தப்பா கோடு போடுறாங்க. தப்புன்னு நமக்குத் தெரியுது. அவங்க முகம் கோணக்கூடாதேன்னு தட்டுறோம்... தட்டுறோம்... தட்டிக்கிட்டே இருக்கோம். முதலாளிக்குப் போறது என்ன? ஒரு பொன்னாடை. சுடலைமுத்துவுக்கு? எனக்கு வயிறு எரியுதுய்யா!

இப்ப நான் பேசினதுல தப்பு இருந்தா, எழுந்து நின்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். தயவுசெஞ்சு... கை மட்டும் தட்டாதீங்க.