எந்தத் தேதியிலேருந்து

இல்ல மேடம், வச்சிடாதீங்க, லைன்லதான் இருக்கேன். நான் பேசறது கேக்குதா? கேக்குதுல்ல. சரி. உங்க குரல் எனக்கு நல்லாவே கேக்குது. நீங்க டைப் அடிக்கிற சத்தம்கூட கேக்குது. பரவால்ல, நீங்க அடிங்க, நான் மெதுவாவே சொல்றேன்.

கம்ப்ளைன்ட் நம்பர்ல கடைசி நாலு எண்ணு ஏழு, ஏழு, ஒண்ணு, மூணு. எதையும் பாக்காமலே சொல்றேன் பாருங்க. என் பேங்க் அக்கவுண்ட் நம்பர்கூட எனக்கு இப்படி மனப்பாடம் கிடையாது. அஞ்சாவது தடவை கூப்பிடறேன்ல, வாயில ஒட்டிக்கிச்சு.

ஐயோ, என்னைப் போயி மேடம்னு கூப்பிடாதீங்க. எனக்கு இருபத்தி நாலு வயசுதான் ஆகுது. நீங்க கூப்பிடறப்பெல்லாம் பின்னாடி யாரோ பெரியவங்க வந்து நிக்கிறாங்களோன்னு திரும்பிப் பாக்கறேன். ரூம்ல யாரும் இல்ல, நான் மட்டும்தான். அப்படித்தான் கூப்பிடணும்னு உங்களுக்கு ரூல்ஸா? அப்ப சரி, உங்க வேலைக்கு நான் உலை வைக்க மாட்டேன். நான் உங்களை அக்கான்னு கூப்பிட்டுக்கறேன். எனக்கு ரூல்ஸ் ஒண்ணும் இல்லையே.

மறுபடியும் முதல்லேருந்தா? முன்னாடி பேசினவங்க ஒண்ணுமே எழுதி வைக்கலையா? மைக் வேலை செய்யலைன்னு மட்டும்தான் இருக்கா. நாலு பேருக்கிட்ட முக்கா மணி நேரம் முக்கா மணி நேரமா பேசினேன் அக்கா. கடைசியில எல்லாம் சேந்து ஒத்தை வரி. சரி, விடுங்க.

இந்த லேப்டாப் வாங்கி பதினாலு மாசம் ஆகுது. எங்க வீட்ல இவ்வளவு விலைக்கு இதுவரைக்கும் ஒரு சாமானும் வாங்கினதில்ல. கடைக்காரர் அப்பாவைப் பாத்து, பெரியவரே, இதை வாங்கிட்டீங்கன்னா பத்து வருஷத்துக்கு இந்தக் கடைப் பக்கம் தலைவச்சுப் படுக்க வேணாம்னாரு. அப்பா வேன் ஓட்டறவரு. எத்தனையோ பேரோட சாமானை ஏத்தி இறக்கியிருக்காரு, எதுக்கும் பதறினதில்ல. அன்னைக்கு மட்டும் என்னைப் பெட்டியை மடியிலேருந்து எடுக்கவே விடல. ஸ்பீட் பிரேக்கர் வந்தா, பிடிச்சுக்கோ பிடிச்சுக்கோன்னு கத்தறாரு. அதுக்கு முன்னாடி காலேஜ்ல ஒரு பழைய லேப்டாப் வச்சிருந்தேன், மூணு கை மாறி வந்தது. மூடி நிக்காது, ரப்பர் பேண்டு போட்டு வச்சிருப்பேன். ஆறு வருஷம் உழைச்சுது. இன்னும் ஊர்ல என் தம்பிக்கிட்ட ஓடிக்கிட்டுதான் இருக்கு. இதுக்கு ரப்பர் பேண்டு போட்டா அசிங்கமா இருக்குமேன்னுதான், மூடி லூசானதும் நல்ல பிள்ளையா உங்க சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன்.

ஆமா, அங்கதான் மூடியோட கீலு மாத்தினாங்க. போன மாசம் நாலாம் தேதி திருப்பிக் குடுத்தாங்க. ரசீது இருக்கு. கீலு அருமையா இருக்கு அக்கா, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

மைக் போனதா? அதைத்தான் சொல்ல வரேன். அது எனக்கே தெரியாது. இந்தத் திங்கக்கிழமை ஸ்கிரீன்ல ஒரு கோடு விழுதுன்னு உங்க ஆளுங்களைக் கூப்பிட்டேன். ஒருத்தர் அங்கேருந்தே என் லேப்டாப்புக்குள்ள வந்து ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணாரு. ஸ்கிரீன் ஓகே, கீபோர்டு ஓகே, ஸ்பீக்கர் ஓகேன்னு போயிக்கிட்டிருந்தவரு, மைக்ல ஏதாவது பேசுங்க மேடம்னாரு. என்ன பேசறதுன்னு தெரியாம ஒண்ணு ரெண்டு மூணு சொன்னேன். இன்னும் சத்தமான்னாரு. கத்தினேன். பக்கத்து ரூம்காரங்க சுவத்தைத் தட்டினாங்க. ஸ்கிரீன்ல சத்தத்தைக் காட்டற கோடு அசையவே இல்ல. மைக் சுத்தமா வேலை செய்யலையே மேடம், எந்தத் தேதியிலேருந்துன்னு கேட்டாரு.

அதைத்தான் அக்கா அன்னைக்கிலேருந்து நானும் உங்க எல்லாருக்கிட்டயும் கேட்டுக்கிட்டிருக்கேன்.

ஆமா, மறுநாளே கேஸை முடிச்சுட்டாங்க. பிரச்சினை தீர்ந்ததுன்னு மெசேஜ். எத்தனை ஸ்டார் தருவீங்கன்னு கூடவே ஒண்ணு. அஞ்சு ஸ்டார் குடுத்தேன். சிரிக்காதீங்க. கம்மியா குடுத்தா அந்த அண்ணனுக்கு வேலை போயிடுமோன்னு பயம். இப்ப என்னடான்னா கஸ்டமர் திருப்தியா இருக்காங்கன்னு அதையே காட்டறாங்க.

என்னது? இலவசமாவா? ரிப்பேர் கேரண்டி முப்பது நாளு தாண்டியும் புது மைக் சும்மாவே மாத்தித் தரீங்களா?

வேணாம் அக்கா.

கேட்டீங்கல்ல, அதேதான் சொன்னேன். வேணாம். நான் கோவத்துல சொல்லல. நீங்க நல்ல மனசோட கேக்கறீங்க, புரியுது. ஆனா மாத்தினா பழசைக் கழட்டித் தூக்கிப் போட்டுருவாங்க. நான் காசே குடுக்கறேன். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். மாத்தறதுக்கு முன்னாடி உங்க டெக்னீஷியன் திறந்து பாக்கணும். நான் கொஞ்சம் படிச்சுப் பாத்தேன். மைக் ஸ்கிரீனுக்கு மேல இருக்கு, அதோட வயரு கீலு வழியாத்தான் உள்ள போகுது. கீலு மாத்தறப்ப அந்த வயரைத் திருப்பி மாட்ட மறந்திருந்தாங்கன்னா, நாலாம் தேதியிலேருந்தே மைக் கிடையாது. வயரு ஒழுங்கா மாட்டியிருந்து, மைக்கே கெட்டுப் போயிருந்தா, அது அப்புறமா எப்பவோ நடந்தது. திறந்து பாத்தா ஒரு நிமிஷ வேலை. வயரு கழண்டு கிடக்குதா, மாட்டியிருக்குதா. அதை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தா போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள.

உங்க மேல கேஸ் போடவா? ஐயய்யோ. ஒரு டீக்கடையில மிச்சம் தப்பாக் குடுத்தாக்கூட கேக்க மாட்டேன் அக்கா நான். கேஸ் போடற மூஞ்சியா இது. நீங்க பாத்ததில்ல, பாத்தா நம்புவீங்க.

அதேதான் நேத்துப் பேசினவரும் கேட்டாரு. தினமும் ஆபீஸ் மீட்டிங்ல பேசறேன்னு சொல்றீங்க, ஒரு மாசமா மைக் இல்லைன்னா கூட இருக்கறவங்க ஒருத்தர்கூடவா சொல்லியிருக்க மாட்டாங்கன்னு. அதனால நாலாம் தேதியிலேருந்து இருக்க வாய்ப்பே இல்லைன்னு அவரே முடிவு பண்ணிட்டாரு. நியாயமான கேள்விதான். நான் ஃபோனை வச்சிட்டேன்.

எங்க மீட்டிங் எப்படின்னா அக்கா, எட்டு பேரு. எல்லாரும் அவங்கவங்க வீட்லேருந்து. நான் யாரையும் நேர்ல பாத்ததில்ல. கேமரா போட மாட்டாங்க, பேரோட முதல் எழுத்து மட்டும் வட்டத்துக்குள்ள தெரியும். காலையில ஒன்பதரைக்கு ஆரம்பிக்கும். முந்தின நாள் என்ன வேலை பாத்தோம்னு எல்லாரும் ஒரு ஷீட்ல முன்னாடியே அடிச்சு வச்சிடணும். டீம் லீடர் வரிசையா பேரைச் சொல்லுவாரு, நாம அதையே வாயாலயும் சொல்லணும். சொல்லி முடிச்சதும் சரி, அடுத்துன்னுவாரு. எல்லாருக்கும் அதேதான். நான் பேசலைன்னாலும் ஷீட்டைப் பாத்துக்கிட்டே சரி, அடுத்துன்னு சொல்லியிருப்பாரு. என் பக்கத்துல மைக் படம் பச்சையாத்தான் இருந்துச்சு. நான் என்னத்தைக் கண்டேன்.

தினமும் பேசினேன் அக்கா. ஒரு நாள் விடல. என்ன சொல்லணும்னு முன்னாடியே எழுதி வச்சு ரெண்டு தடவை சொல்லிப் பாத்துட்டுத்தான் உக்காருவேன். அம்மா சாயங்காலம் ஃபோன்ல வந்ததும், சாப்பிட்டியான்னு கேக்கறதுக்கு முன்னாடி மீட்டிங்ல பேசினியான்னுதான் கேப்பாங்க. பேசினேம்மான்னுவேன். அப்பா பின்னாடிலேருந்து, நாம வாயைத் திறந்தா ஓனரு வேலையை விட்டுத் தூக்கிடுவான், எம்பொண்ணு வாயைத் திறக்கறதுக்குத்தான் சம்பளம் வாங்கறாம்பாரு. தெருவுல எல்லாருக்கிட்டயும் அதையே சொல்லி வச்சிருக்காரு.

அதான், திங்கக்கிழமையிலேருந்து உக்காந்து யோசிச்சுப் பாக்கறேன். இந்த ஒரு மாசத்துல நான் சொன்ன வார்த்தைக்கு யாராவது பதில் சொன்னாங்களான்னு. ஒரே ஒரு நாள் இருக்கு. நான் ஒரு ஜோக் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அன்னைக்குப் பூரா எனக்குத் தரையில கால் பாவல. ஆனா அதே நேரத்துல ஒருத்தரோட பூனை கீபோர்டு மேல ஏறி, சாட்ல ஒரு பக்கத்துக்கு கே கே கேன்னு அடிச்சு வச்சிருந்துச்சு. ஜோக்குக்குச் சிரிச்சாங்களா பூனைக்குச் சிரிச்சாங்களான்னு இப்ப யாருக்கிட்டப் போயி கேக்கறது? என்ன ஜோக்கா? விடுங்க அக்கா, பூனையே தேவலாம்.

இப்பவா? இப்ப ஃபோனோட பழைய இயர்போனை மாட்டிக்கிட்டேன். அதுல மைக் இருக்கு. செவ்வாய்க்கிழமை மீட்டிங்ல அதுலதான் பேசினேன். ஏய், இத்தனை நாளா எங்க போயிருந்தேன்னு யாராவது கேப்பாங்க, எல்லாம் தெரிஞ்சிடும்னு நினைச்சேன். பேசி முடிச்சேன். லீடர் சரி, அடுத்துன்னாரு. அதே சரி. குரல்ல ஒரு மயிரிழை வித்தியாசம் இல்ல.

அப்ப கேட்டாலும் அந்தச் சரிதான், கேக்கலைன்னாலும் அந்தச் சரிதான். அதை வச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. அதனாலதான் வயரைப் பாக்கச் சொல்றேன்.

எனக்கு எல்லாத் தேதியும் வேணாம் அக்கா. ஒரே ஒரு தேதிதான். போன மாசம் பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை. அன்னைக்கு மைக் இருந்துச்சா இல்லையா. அவ்வளவுதான்.

அன்னைக்கா? பெருசா ஒண்ணும் இல்ல. எனக்கு ஒரு புது வேலை குடுத்திருந்தாங்க. தலையும் புரியல, வாலும் புரியல. எங்க வீட்ல கேக்கறதுக்கு ஆளு கிடையாது, காலேஜ் வாசலை மிதிச்சதே நான்தான் முதல் ஆளு. பத்து நாளா தனியா முட்டிக்கிட்டேன். அப்புறம் ஒரு வழியா மனசைத் தேத்திக்கிட்டு, அன்னைக்கு என் முறை வந்தப்ப, எழுதி வச்சதை ஓரமா தள்ளிட்டுச் சொன்னேன். எனக்கு இது புரியல, நான் தப்புத் தப்பா பண்றேன்னு நினைக்கறேன், யாராவது ஒரு அரை மணி நேரம் கூட உக்காந்து சொல்லித் தர முடியுமான்னு. எனக்குப் புரியலைன்னு சத்தமா சொன்னது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. ஸ்கூல்லகூட சொன்னதில்ல.

யாரும் ஒண்ணும் சொல்லல. ஏழு வட்டமும் அப்படியே இருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, சரி, அடுத்து.

அதுக்கப்புறம் நான் கேக்கல. அடுத்த திங்கக்கிழமை வேலையை விடறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். நல்லா இருங்கன்னு ஒரு வரி பதில் வந்துச்சு. வர வெள்ளிக்கிழமை எனக்குக் கடைசி நாளு. அம்மாகிட்ட இன்னும் சொல்லல. இன்னைக்கும் பேசினேன்னுதான் சொல்லியிருக்கேன்.

இல்ல அக்கா, அவங்ககிட்டயே கேக்கலாம்தான். அன்னைக்கு நான் பேசினது கேட்டுச்சான்னு ஒரு மெசேஜ் போட எவ்வளவு நேரம் ஆகும்? அடிச்சுகூட வச்சிருக்கேன், அனுப்பல. கேட்டுச்சேன்னு சொல்லிட்டாங்கன்னா நான் என்ன பண்றது? வயருன்னா பொய் சொல்லாது. கழண்டு கிடந்துச்சுன்னா, அவங்களுக்குக் கேக்கவே இல்ல. மறுபடியும் ஒரு தடவை கேட்டுப் பாக்கலாம். வேலையை விடலைன்னு சொல்லிப் பாக்கலாம். வயரு மாட்டியிருந்தா, அதுக்கும் ஒண்ணும் பிரச்சினை இல்ல, மைக்கை மாத்திக் குடுத்துடுங்க, காசு குடுத்துடறேன்.

பதினெட்டு, அக்கா. ஒண்ணு, எட்டு. காலையில ஒன்பதே முக்கால் இருக்கும். எழுதிக்கிட்டீங்களா?

ஹலோ. அக்கா? இருக்கீங்களா? நான் பேசறது கேக்குதுல்ல?

ஓ, கேக்குதா. இல்ல, டைப் அடிக்கிற சத்தம் நின்னுடுச்சே, அதான் கேட்டேன்.