அடுத்த வருசமும் நம்ம பையன்

எங்கள் ஊர்க் கல்லூரி அணிக்குத் தேசியப் போட்டியில் பதினோராம் தரவரிசை கொடுத்தது அநியாயம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்க வந்தது அது இல்லை என்று தெரியும். ஆனால் நீங்களும் இண்டியானாவில் வளர்ந்த போலீஸ்காரர். கூடைப்பந்து என்றால் உங்களுக்குப் புரியும்.

டார்லீனின் உணவகத்தில் சன்னலோர மேசை எங்களுடையது. காபி, முட்டை, வறுத்த பன்றிக்கறி, பிறகு வாய்ச்சண்டை. மனைவி லொரேட்டா இறந்துபோன பிறகு நான் நாலு வார்த்தை பேசுவது அங்கே மட்டும்தான். மற்ற நேரம் வீட்டில் ஃபிரிட்ஜ் உறுமுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். மார்ச் மாதத்தில் அந்தத் தேசியப் போட்டிக்கு எந்த அணி உள்ளே, எது வெளியே என்று அடித்துக்கொள்வோம். கூடவே இன்னொரு வழக்கும் ஓடும்: அடுத்த ஆண்டு எங்கள் ஆட்டக்காரர்களில் யார் திரும்பி வருவான், யார் பறந்துவிடுவான்.

"ஜமாரி போயிடுவான்யா. பணம் கொடுக்கிற அணிக்காரங்க வாசல்லயே நிக்கிறாங்க" என்றார் தீவனக் கடை லோயல்.

"உன் கருநாக்கை வச்சிக்கிட்டு சும்மா இரு" என்றாள் டார்லீன், காபி ஊற்றியபடி. "போன வருசமும் ஒருத்தனை இப்படித்தான் பேசிப் பேசியே வழியனுப்பி வச்ச."

"நான் சொல்லியா போறானுங்க? யோவ் வெர்லின், ஞாயித்துக்கிழமை உன் வீட்லதானே சாப்பிடுறான். ஏதாச்சும் வாயத் தொறந்தானா?"

"இருப்பான்" என்றேன்.

வெளியூர் ஆட்டக்காரப் பையன்களுக்கு உள்ளூர் வீடு ஒன்று ஞாயிறு சாப்பாடு போடுவது எங்கள் ஊர் வழக்கம். மெம்ஃபிஸிலிருந்து வந்த ஜமாரி எங்கள் பங்கு. லொரேட்டா இருந்தபோது வரத் தொடங்கினான், அவள் போன பிறகும் நிறுத்தவில்லை. கடனே என்று வந்தவன் இல்லை. பாத்திரம் கழுவிக் கொடுப்பான். அவள் நாற்காலியில் மட்டும் உட்காரமாட்டான்.

லோயலிடம் நான் சொன்னது பொய். முந்தைய ஞாயிறே பையன் என்னிடம் சொல்லிவிட்டான்.

"இன்னும் யாருக்கும் தெரியாது மிஸ்டர் வெர்லின். நான் போகப்போறேன். அம்மா ரெண்டு வேலை பார்த்துத் தேய்ஞ்சு போயிட்டாங்க. முதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு தோணுச்சு."

சந்தோஷம் என்றேன். அவன் கார் தெருமுனை திரும்பியதும் வீடு என்னைத் தின்ன வந்தது.

இன்னும் ஓர் ஆண்டு இங்கே ஆடினால் தேறுவான் என்பது மேசையில் எல்லோருடைய கருத்தும். நான் தனியாக எதையும் யோசிக்கவில்லை. ஊர் ஆசைப்பட்டதைத்தான் செய்தேன். அதுவும் போட்டி முடியும்வரை கை வைக்கவில்லை. அணிக்குத் துரோகம் செய்கிற ஆள் இல்லை நான். இரண்டாம் சுற்றில் தோற்றுத் திரும்பிய பிறகுதான் என் வீட்டு நிலவறைப் படிக்கட்டில், கீழே இருந்து மூன்றாவது பலகையின் திருகாணிகளைக் கழற்றினேன். அங்கிருந்து விழுந்தால் கணுக்கால் பிசகும், கோடைக்குள் ஆறிவிடும் என்று நினைத்தேன். காலில் கட்டோடு நிற்கிறவனை வெளியே யாரும் எடுக்கமாட்டார்கள்.

சாப்பாடு முடிந்ததும், "லொரேட்டா ஊறப்போட்ட பீச் பழம் கீழ இருக்கு. எடுத்துட்டு வாப்பா. கடைசி சாடி, பத்திரம்" என்றேன்.

இறங்கும்போது நீளக் கால்களால் அந்தப் படியைத் தாண்டிவிட்டான். ஏறும்போது சாடியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்தான். பலகை நழுவியபோது கைப்பிடியைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை, சாடியையும் விடவில்லை. முழங்கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியது.

"மன்னிச்சுக்கோங்க மிஸ்டர் வெர்லின், படி உடைஞ்சிடுச்சு" என்றான். "சாடிக்கு ஒண்ணும் ஆகல."

ஆம்புலன்ஸ் வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். லொரேட்டா போனதிலிருந்து என் கையை யாரும் அவ்வளவு நேரம் பிடித்ததில்லை.

மறுநாள் மேசையில் விஷயத்தைச் சொன்னேன். "பாவம்தான். ஆனா அடுத்த வருசமும் நம்ம பையன்தான்யா" என்று லோயல் என் தோளைத் தட்டினார். டார்லீன் எல்லோருக்கும் ஆப்பிள் பலகாரம் கொடுத்தாள். அந்த வாரமே, அவன் இனி ஆடவே முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மேசையில் பேச்சு மாறியது. இப்போது, வேறு கல்லூரியிலிருந்து தாவி வரப்போகும் ஒரு நெட்டையனைப் பற்றித்தான் வாதம்.

திருகாணிகள் என் கோட்டுப் பையில் இருந்தன என்கிறீர்கள். ஆமாம், கழற்றியது நான்தான். எறிந்திருக்கலாம். நல்ல திருகாணிகள், மனம் வரவில்லை.

பையனிடம் இதைச் சொல்லிவிட்டீர்களா? சொன்னாலும் என்மேல் கோபப்படமாட்டான், அவன் குணம் எனக்குத் தெரியும். லோயலுக்கு அவன் வேண்டாம். கல்லூரியும் மெல்லக் கைகழுவிவிடும். எனக்கு அவன் ஆடினாலும் ஆடாவிட்டாலும் ஒன்றுதான். நீங்களே சொல்லுங்கள், இனி ஞாயிற்றுக்கிழமையானால் அவனுக்குப் போக வேறு இடம் ஏது?