காப்புறுதிப் பத்திரத்தில் உள்ள ‘இவர்’ யார் என்பது பற்றி

பெயர்: சிவமலர் கனகரத்தினம். வயது: ஐம்பத்து நான்கு. தொழில்: வீட்டு வேலை, வீட்டுக் கணக்கு. முகவரி: மொன்ட்ரியால்-நோர், வாடகை மாடி வீடு, கதவு இலக்கம் நான்கு. சமயம்: சைவம் (கேட்கப்படவில்லை, நானாகச் சொன்னது). கணவர் பெயர்: கீழே வருகிறது.

பொலிஸ் உத்தியோகத்தர் மெலனி முன்னிலையில், மொழிபெயர்ப்பாளர் அனுஷா பக்கத்தில் இருக்க, என் கைப்பட எழுதிக் கொடுப்பதாவது: முதலில் தந்த கடதாசியில் கையெழுத்து வைக்க நான் மறுத்தபடியால் இது இரண்டாவது. மறுத்த காரணமும் இதிலேயே வருகிறது.

கார் என் பெயரில் உள்ளது. கடைக்கும் கோயிலுக்கும் நானே ஓடுவேன். என் கணவருக்குப் புரோசார்டில் ஒரு பேக்கரியில் வேலை கிடைத்த பிறகு, விடிய வெள்ளென பஸ் இல்லாதபடியால், அவரும் இந்தக் காரை ஓடத் தொடங்கினார். கோயிலில் ஒருவர் பெயருக்கு அர்ச்சனை செய்தால் குடும்பத்துக்கே சேருவது போல, காப்புறுதியும் என் பெயரில் இருந்தால் அவருக்கும் சேரும் என்று நான் நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பிரஷாந்தினி, “அக்கா, அது அர்ச்சனை இல்லை. ஒரே வீட்டிலயிருந்து வழமையா ஓடுற ஆளின்ர பேரையும் குடுக்க வேணும். குடுக்காட்டி இடிபட்ட அண்டைக்குக் கம்பனி கையை விரிச்சுப்போடும்” என்று சொன்னார். அதன் பிறகு நான் கம்பனிக்குப் போன் எடுத்தேன்.

இங்கே ஒரு விடயம் சொல்ல வேண்டும். நான் என் கணவரின் பெயரைச் சொல்லுவதில்லை. இந்தக் காலத்தில் எல்லாரும் சொல்லுகிறார்கள், அது அவரவர் விருப்பம். என் கணவருக்குக் கீரிமலையில் இருக்கிற சுவாமியின் பெயர். அதனால் கும்பிடும்போதும் நான் “கீரிமலையானே” என்றுதான் கும்பிடுவேன். கணவரை நேரே “இஞ்சேருங்கோ” என்பேன். மற்றவர்களிடம் “இவர்” என்பேன்.

போனில் கதைத்த பெண்பிள்ளை காரை இன்னும் யார் ஓடுவது என்று பிரெஞ்சில் கேட்டா. பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த கணவரைப் பார்த்து, என்னையறியாமல் தமிழில் “இவர்” என்றேன். “இவர்?” என்று அவ கேட்டா. ஆம் என்ற கருத்தில் “ஓம்” என்றேன். “இவர் ஓம்?” என்று அவ ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னா. வெள்ளைக்காரப் பிள்ளை எவ்வளவு மரியாதையாகக் கதைக்கிறது என்று சந்தோஷப்பட்டு, “ஓம் ஓம், என்ர ஹஸ்பண்ட்” என்றேன். பிரெஞ்சில் ஆம்பிளைக்கு ‘ஒம்’ என்பார்களாம். ஆணா பெண்ணா என்ற கேள்விக்கும் அதையே பதிலாக எடுத்துக்கொண்டா என்று இன்றுதான் அறிந்தேன். இவரின் லைசென்ஸ் இலக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்றா. நன்றிக்கு மேர்சி சொல்லிப் போனை வைத்தேன்.

அதன் பிறகு வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. மேலே எழுதியிருந்த ஆங்கில எழுத்தை நான் ‘ஐவர் ஓம்’ என்று வாசித்தேன். எங்கள் வீட்டில் ஐவர் இல்லை, நாங்கள் இருவர். ஏதோ யோகாச் சங்கத்தின் கடிதம் வீடு மாறி வந்துவிட்டது என்று எண்ணினேன். ஓம் எழுதிய உறையைக் குப்பையில் போட மனம் வராமல், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று பிரெஞ்சில் எழுதித் தபாற்பெட்டியில் போட்டேன். அந்த உறையை இன்று மெலனி என் முன்னால் வைத்தார். எழுத்து என்னுடையதுதான்.

அதன் பிறகு என் கணவர் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது எதிர்வீட்டு வெளி இரும்புப் படிக்கட்டில் இடித்தார். படிக்கட்டு வளைந்து வீட்டைவிட்டு விலகி நின்றது. மேல்மாடியில் இருக்கும் றோசலின் அம்மா இறங்க வழியில்லாமல் பல்கணியில் நின்று சத்தம் போட்டார். கணவர் கீழே தொப்பியைக் கழற்றி “பொன்ஜூர், சொறி” என்றார். படிக்கட்டுக்குத் தற்காலிகமாக முட்டுக்கொடுக்க ஆள் வரும்வரைக்கும் றோசலின் அம்மா வாளியைக் கயிற்றில் இறக்கி, இவரை டெப்பனர் என்கிற மூலைக்கடைக்கு அனுப்பிப் பாலும் லொத்தர் ரிக்கற்றும் வாங்குவித்தார். லொத்தர் விழவில்லை என்பதற்கும் இவரையே ஏசினார்.

அதன் பிறகு கம்பனியிலிருந்து, பத்திரத்தில் இருக்கும் மேலதிகச் சாரதி ‘இவர் ஓம்’, இடித்தவர் வேறு ஆள், ‘இவர் ஓம்’ என்பவர் அந்த வீட்டில் இல்லையென்று காப்புறுதிதாரரே எழுதியிருக்கிறார், ஆகவே இல்லாத ஆளைக் காட்டிய பொய்ப் பதிவு என்று பொலிசுக்கு அறிவித்தார்கள். அதன்மேல் நான் இங்கு அழைக்கப்பட்டேன். கணவர் வெளியே கதிரையில் இருத்தப்பட்டார்.

மெலனி, கணவரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டார். “இஞ்சேருங்கோ” என்றேன். அவர் அதை எழுதினார். அனுஷா சென்னைப் பிள்ளை. “எங்க ஊர்ல ‘ஏங்க’ன்னு கூப்பிடுவாங்க” என்று விளங்கப்படுத்தினார். மெலனி அதையும் எழுதி, ‘இவர் ஓம்’ உடன் சேர்த்து மூன்று பெயருக்கும் கீழே கோடு போட்டு, இந்த ஒரு காரை எத்தனை ஆம்பிளைகள் ஓடுகிறார்கள் என்று கேட்டார்.

அதன் பிறகு அனுஷா எல்லாவற்றையும் விபரமாகச் சொன்னார். மெலனி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு, சிரிப்பு வேறு, கம்பனிக்கு எழுத்து வேண்டும் என்று ஒரு கடதாசி அடித்துத் தந்தார். அனுஷா அதைத் தமிழில் வாசித்தார்: “இவர் என்று ஒருவர் இல்லை. இவர் ஒருபோதும் இருந்ததில்லை.”

நான் பேனையைக் கீழே வைத்தேன். “பிள்ளை, கழுத்தில தாலியோட இருக்கிற நான் என்ர கையால இவர் இல்லையெண்டு ஒப்பம் வைக்கமாட்டன்.”

“ஆன்ட்டி, அது வேற இவர்.”

“எனக்கு ஒரு இவர்தான்.”

“சைன் பண்ணலேன்னா பாலிசிய கேன்சல் பண்ணிடுவாங்க. படிக்கட்டுச் செலவு உங்க தலையிலதான் விழும். பொய் சொன்னீங்கன்னு பதிஞ்சிட்டா வேற கம்பெனியும் லேசுல சேர்த்துக்க மாட்டாங்க.”

அது எனக்கு விளங்கியது. கார் நின்றால் இவருக்கு வேலை நிற்கும். இருந்தும் பேனையை எடுக்க முடியவில்லை.

வேறு வழி இருக்கிறதோ என்று கேட்டேன். பத்திரத்தில் உள்ள ஆள் என் கணவர்தான், அவரின் உண்மைப் பெயர் இது என்று நான் வாயால் சொல்ல வேண்டும், பிழை வாயால் நடந்தபடியால் திருத்தமும் வாயால்தான், ஒலிப்பதிவு செய்யப்படும் என்றார் மெலனி. எழுதித் தரட்டோ என்றேன். ஏலாது என்றார்.

அதன் பிறகு சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டேன். மெலனி போனில் பார்த்துக் கோப்பி மெசினைக் காட்டினார். அதைப் பார்த்து நின்று கீரிமலையானிடம் மன்னிப்புக் கேட்டு, ஒலிப்பதிவு மெசினுக்கு விளங்க வேண்டும் என்று பலமாகவே அந்தப் பெயரைச் சொன்னேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு கணவர் உள்ளே ஓடி வந்தார். “என்னப்பா? என்ன செய்தவங்கள் உமக்கு? கலியாணம் கட்டின நாளிலயிருந்து நீர் என்ர பேர் சொல்லிக் கேக்கேல்லை. உம்மட கதை முடிஞ்சுதாக்கும் எண்டு பயந்திட்டன்!”

மெலனி அவரை மேலும் கீழும் பார்த்து, “இவர்?” என்று கேட்டார்.

“ஓம்” என்றார் கணவர்.

மெலனி மேசையில் அடித்து அனுஷாவைக் கட்டிப்பிடித்தார். அதன் பிறகு லைசென்ஸை வாங்கிப் பெயரை ஒப்பிட்டுச் சரி பார்த்தார். கம்பனி பதிந்து வைத்திருக்கும் அந்தப் போன் கதையிலேயே “என்ர ஹஸ்பண்ட்” என்று நான் சொன்னது இருப்பதால், பெயர் பிழையாகப் பதியப்பட்டதே தவிர ஆள் பிழையில்லை என்று கம்பனிக்குத் தான் எழுதுவதாகச் சொன்னார்.

என் கணவரின் பெயர், அனுஷா தன் கையால் எழுதியது: நகுலேஸ்வரன். மற்ற எழுத்தெல்லாம் என்னுடையது. ஒருவரும் சொல்லித் தந்து எழுதவில்லை; திரும்ப வாசித்துப் பார்த்தேன், கூட்டிக் குறைத்தது ஒன்றுமில்லை. பத்திரத்தில் உள்ள இவர் இருக்கிறார். சுகமாக இருக்கிறார். படிக்கட்டை இடித்தவரும் இவர்தான். கம்பனி இதை இந்த ஒழுங்கிலேயே பதிய வேண்டும் என்று கேட்டு ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சிவமலர் கனகரத்தினம்