கடுகுக்குப் பின்னால் நின்ற வரிசை

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, மலர்வளையத்தோடு வந்து எங்களோடு உட்கார்ந்திருக்கும் சலவைக்கூட மேலாளர் அவர்களே, நம் பேச்சை அவர் காதில் மெல்ல மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் பொருளாளர் அவர்களே, மனைவியை இழந்து முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் அண்ணனே, அவர் தோளில் சாய்ந்திருக்கும் மகளே, வேலை முடிந்த கையோடு வேர்வைச் சட்டையுடன் வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

நமது சங்கச் செயலாளர், மருத்துவமனைச் சலவைத் தொழிலாளர்களின் குரல், நீங்கள் எல்லோரும் ஆசையாகக் 'கடுகு' என்று கூப்பிட்ட என் தோழியைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் அழுதார்கள். நான் அழமாட்டேன். எனக்கு அவள்மேல் பொறாமை. பள்ளிக்கூடத்தில் தொடங்கிய பொறாமை, இன்று நாற்காலி போதாமல் சுவரோரம் ஜனம் நிற்பதைப் பார்க்கும்போது இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது. நான் செத்தால் இதில் பாதிக் கூட்டம் வருமா? பதில் சொல்லாதீர்கள், எனக்கே தெரியும்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பில் கறுப்பாக இருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் குட்டை, நான் நெட்டை. அவளுக்குச் சுருட்டை முடி, எனக்குக் கோரை முடி. அரைக்கண் பார்வை உள்ளவர்கூட எங்களை மாற்றிச் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் ஆசிரியை மாற்றித்தான் சொல்வார். ஆண்டு விழா வந்தது. கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கியது நான். மேடைக்கு அழைக்கப்பட்டது அவள். எழுந்து போனாள். பரிசை வாங்காமல் நேரே மைக்கின் முன்னால் நின்றாள்.

"டீச்சர், அது நான் இல்ல. அதோ உக்காந்திருக்கா பாருங்க, அவ. நாங்க ரெண்டு பேரு."

மண்டபமே கைதட்டியது. யாருக்கு? கணக்கில் பெயிலானவளுக்கு! பரிசு என் கைக்கு வந்து சேர்ந்தபோது கைதட்டி முடித்திருந்தார்கள். சொல்லுங்கள், வயிறு எரியாதா? அந்த வார்த்தை என் தொண்டையிலும்தான் இருந்தது. ஆனால் எனக்கு எப்போதும் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கும்போதுதான் பதில் வரும். அவளுக்கு நின்ற இடத்திலேயே வரும்.

வளர்ந்த பிறகு எங்களை யாரும் முகத்துக்கு நேராகத் திட்டவில்லை. அந்தக் காலமெல்லாம் போய்விட்டது என்றார்கள். வாடகை வீடு கேட்டுப் போன் செய்தால் "வாங்க, பாக்கலாம்" என்பார்கள். வாசலில் போய் நின்றால், அடடா, இப்போதுதான் வேறொருவர் எடுத்துக்கொண்டார் என்று சிரித்த முகமாகச் சொல்வார்கள். நான் பரவாயில்லை என்று திரும்பிவிடுவேன். கடுகு தெருமுனைக்குப் போய் மறுபடி போன் போடுவாள். "வீடு காலியாங்க?" என்பாள். "காலிதான், எப்ப வர்றீங்க?" என்பார்கள். "வந்துட்டேன், கதவத் திறங்க" என்று அதே வாசலில் போய் நிற்பாள். வீடு கிடைக்கவில்லைதான். ஆனால் அந்த வீட்டுக்காரர் அதன்பிறகு அவளைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். எனக்கு எதிரில் வந்தால் அவருக்கு அடையாளமே தெரியாது.

பிறகுதான் நம் சலவைக்கூட வாசலுக்கு அந்த முகம் பார்க்கும் மெஷின் வந்தது. முன்னால் நின்றால் முகத்தைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறக்கும். யாருக்குத் திறந்தது? மற்றவர்களுக்கு. நம் கறுத்த முகம் அதற்குப் பிடிபடவில்லை. நின்று நின்று, தாமதம் என்று பதிவானதுதான் மிச்சம். உடனே நாம் என்ன செய்தோம்? ஜன்னல் திட்டில் ஒரு பவுடர் டப்பாவை வைத்தோம். கூத்துக்கு வேஷம் கட்டியதுபோல அப்பிக்கொண்டு உள்ளே போனோம். நீராவியில் பவுடர் கரைந்துவிடும். சாயங்காலம் மறுபடி முகம் பிடிபடாது, அடுத்தவருக்குத் திறந்த கதவில் பின்னாலேயே நழுவி வெளியேறுவோம். வீட்டில் சாப்பிட்டுப் படுத்திருப்போம், மெஷின் கணக்கில் இன்னும் படுக்கைவிரிப்பு மடித்துக்கொண்டிருப்போம். சிரிக்கிறீர்கள். நானும் அப்பினேன். என் பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

கடுகு அப்பவில்லை. வெறும் முகத்தோடு போய் வரிசையின் முதலில் நின்றாள். கதவு திறக்கவில்லை. அவள் நகரவும் இல்லை. பின்னால் எல்லா நிறத்தவரும் நின்றார்கள். இரண்டு வாசல் தாண்டி வரிசை போனது. உள்ளே ஈரத்துணி நாறத் தொடங்கிய பிறகு மேலாளர், மொழிபெயர்க்கப் பொருளாளரையும் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தார். உங்களுக்கு நினைவிருக்கும் ஐயா.

"ஏம்மா, மெஷினுக்கு நிறமெல்லாம் தெரியாதும்மா."

"சரிங்க சார். என் மூஞ்சியாவது தெரியணும்ல?"

அவர் பக்கத்துச் சின்னக் கதவைத் தம் கையாலேயே திறந்துவிட்டார். மெஷினை எடுப்பது பற்றிப் பேச்சுவார்த்தை வைப்பதாகவும் சொன்னார். வரிசையே அவள் பெயரைச் சொல்லிக் கூவியது. நான் அவளுக்குப் பின்னால் இரண்டாவது ஆளாக, முகமெல்லாம் பவுடரோடு நின்றிருந்தேன். எவ்வளவு பொறாமைப்பட்டேன் என்று அவளிடமே சொன்னேன். "நெட்டச்சி, வாடி, நாளைக்கு நீ முன்னாடி நில்லு" என்றாள். நான் போகவில்லை. இப்போது அவள் இதயம் நின்றுவிட்டது, பேச்சுவார்த்தைக்கு முதல்நாள்.

சற்றுமுன் மேலாளர் பேசினார். மறைந்தவருக்கு மரியாதையாகப் பேச்சுவார்த்தை தள்ளிவைக்கப்படுகிறது என்றார். அவளுடைய பெரிய படம் ஒன்றை வாசலில் மாட்டப்போவதாகவும் சொன்னார். நீங்கள் கைதட்டினீர்கள். தோழர்களே, எதற்குக் கைதட்டினீர்கள்? உயிரோடு நின்ற முகத்துக்குத் திறக்காத வாசலில் செத்த முகத்துக்கு ஆணியா? பொருளாளர் அவர்களே, ஏன் நிறுத்திவிட்டீர்கள்? இதையும் அவரிடம் சொல்லுங்கள். மழுப்பாமல் சொல்லுங்கள்.

ஐயா, படம் வேண்டாம். மெஷினைக் கழற்றுங்கள். மரியாதை அதுதான்.

கடுகு இருந்திருந்தால் இதை இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பாள். அந்த எரிச்சலும் எனக்கு உண்டு. ஆனால் அவள் செய்ததில் ஒன்று எனக்குச் சம்மதமில்லை. நீங்கள் சின்னக் கதவைத் திறந்ததும், பேச்சுவார்த்தை என்ற சொல்லை நம்பி அவள் உள்ளே போய்விட்டாள். பெருந்தன்மை. அது என்னிடம் கிடையாது.

அண்ணனே, மகளே, தோழர்களே, உங்கள் முன்னால் சொல்கிறேன். நாளைக் காலை வரிசையில் முதல் ஆள் நான். பவுடர் கிடையாது. சின்னக் கதவை நீங்கள் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாலும் ஐயா, நான் அதில் நுழையமாட்டேன். அவள் நின்றதைவிட அதிக நேரம் நிற்பேன். ஒரே ஒரு தடவை அவளை ஜெயிக்க வேண்டும் எனக்கு.