கண்ணாடிக்குக் கீழே நின்றவன்

கண்ணாடி துடைக்கப் பழைய செய்தித்தாள்தான் நல்லது, சார். துணியால் துடைத்தால் கோடு விழும். எங்கள் நாடகத்துக் கண்ணாடி ஆளுயரத்துக்கும் மேல். அப்படி ஒன்று அங்கே இருப்பதே பார்ப்பவர்களுக்குத் தெரியக் கூடாது. அதைத் துடைத்து வைப்பது என் வேலை.

விக்டோரியா ராணி காலத்தில் லண்டன் மேடைகளில் மந்திரத்தையே நாடகமாக நடித்திருக்கிறார்கள். அதை நூலகத்தில் தேடிப் படித்தவன் நான். மேடைக்கு முன்னால் ஒரு குழி. அதற்குள் வெளிச்சத்தில் ஒருவன் நின்றால், மேலே சாய்த்து வைத்த கண்ணாடியில் அவன் உருவம் விழும். சபைக்கு, மேடை நடுவே பேய் அலைவதுபோலத் தெரியும். கதை, வசனம், விளக்கு எல்லாம் என்னுடையவை. 2004இல் கடலூரில் முதல் நாடகம் போட்டோம். என் தங்கை வெண்மதியின் புருஷன் கதிர்வேல் ராஜாவாக வந்து பேயை வெட்டினான். குழிக்குள் நான் பேய்.

நான்கு வருஷம் அப்படியே போனது. நோட்டீஸில் அவன் படம். நான் 'மற்றும் பலர்'. ஒரு தடவையாவது ராஜா வேஷம் கொடு என்று கேட்டேன்.

"உனக்கு எதுக்கு மச்சான் இந்த ஆசை? மேடையில நின்னா உன்னை யாரு பாப்பாங்க? பேசாம மாவப் பூசிக்கிட்டு குழியில நில்லு," என்றான். வெண்மதியும் சிரித்தாள்.

கடைசிக் காட்சியில் ராஜா கத்தியோடு பேயின் ஊடே பாய்ந்து வருவான். இருட்டில் அவனுக்கும் கண்ணாடி தெரியாது. நிற்க வேண்டிய இடத்தில் தரையில் ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டியிருப்போம். போன சனிக்கிழமை, சிதம்பரத்தில், இடைவேளையில் அதை உரித்துக் கண்ணாடி ஓரமாக ஒட்டினேன். மூக்கில் இடித்துக்கொள்ளட்டும், சபை சிரிக்கட்டும் என்றுதான். உடைந்தால் கழுத்தை அறுக்கும் என்று தெரியாதா என்கிறீர்கள். தெரியும். கண்ணாடி வாங்கிய அன்றே அவனை எச்சரித்தவன் நான்தானே.

உடைந்த சத்தத்தையும் சபை வித்தை என்றே நினைத்தது. அப்படியொரு கைதட்டலை நான் கேட்டதில்லை.

"அண்ணா, வெளக்கப் போடுண்ணா! அவருக்கு என்னமோ ஆயிடுச்சு!" என்று வெண்மதி கத்தினாள். சுவிட்சு என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கைதட்டல் ஓயட்டும் என்று கொஞ்சம் பொறுத்தேன்.

மாசி மகத்துக்குக் கிள்ளையில் நாடகம் ஒப்புக்கொண்டிருக்கிறோம், சார். ராஜா வசனம் இனி என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அதற்குள் என்னை ஸ்டேஷனிலிருந்து அனுப்பிவிட்டால் நல்லது. வெண்மதி பாவம், நாடகம் நின்றுபோனால் தாங்க மாட்டாள்.