லாபம் என்று எண்ணக் கற்றுக்கொடுத்தவர்

மேடையில் இருக்கும் தலைமையாசிரியர் மோகன்ராஜ் ஐயா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் மாதேஸ்வரன் ஐயா அவர்களே, மனைவி ஜெனிபர் டீச்சரைப் பறிகொடுத்த பிறகும் நம் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் இமானுவேல் தம்பி அவர்களே, ஊர்ச் சனங்களே, எல்லாருக்கும் பாவாயியின் வணக்கம். கணக்குக்குப் பயந்து மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். தப்பாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது வழக்கம். இன்று சொல்லப்போவதில்லை.

ஜெனிபர் டீச்சர் சேலத்திலிருந்து இங்கே வந்தபோது என் மகள் கோகிலவாணி இரண்டாம் வகுப்பு. கணக்குப் பாடம் என்றால் மிளகுக்கொடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். டீச்சர் அங்கேயே தேடி வந்து மண்ணில் உட்கார்ந்தார்.

"ஏன் கண்ணு, உங்க கிழங்குக் காட்டுக்குப் பன்னி வருமா?"

"வருமுங்க டீச்சர்."

"பத்துக் கிழங்குல நாலத் தின்னுட்டுப் போயிருச்சு. மீதி எத்தன?"

"ஆறுங்க. ஆனா பன்னி நாலோட நிக்காதுங்க."

கழித்தல் அன்றைக்கே அவளுக்கு வந்துவிட்டது. வகுப்பு முழுக்கப் பன்றிக் கதை கேட்டது. நாம் என்ன செய்தோம்? 'பன்னி டீச்சர்' என்று பேர் வைத்தோம். டீக்கடையில் சொல்லிச் சிரித்தோம். சிரிக்காத வாய் ஒன்று இங்கே உண்டா?

எண்ணுவதையும் அவர் கதையாக்கினார். களத்தில் சாமை அளக்கும்போது முதல் படியை நாம் ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்கிறோம். அந்த லாபத்தை ஒரு சின்னப் பெண்ணாக்கினார். வரிசையில் முதல் ஆளாக நிற்கப் பயப்படுகிற பெண். அந்தக் கதையைக் கேட்டுத்தான் என் மகள் வாய்விட்டு எண்ணினாள்.

பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி சாக்பீஸ்களை வைத்து எண்ணச் சொன்னார். என் மகள், "லாபம், ரெண்டு, மூணு" என்றாள்.

"இதான் நீங்க கத்துக்குடுக்கிறதா?"

"இந்த ஊர்ல அப்படித்தான் அளப்பாங்க சார். ஐயாவையே கேளுங்க" என்று டீச்சர் மாதேஸ்வரன் ஐயாவைக் காட்டினார்.

ஐயா, நீங்கள் என்ன சொன்னீர்கள்? மகளைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்றேன். என் காதால் கேட்டேன். "அதெல்லாம் படிக்காத சனங்க பேச்சுங்க சார். எங்கூட்ல அப்படி இல்லீங்க."

உங்கள் களத்தில் சாமை தூற்றியவள் நான். லாபம் என்று அளந்தது உங்கள் வாய். தலைமையாசிரியர் ஐயாவுக்கும் அது தெரியும். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்ணத் தெரியாத பிள்ளைகளை வளர்க்கிறார் என்று எழுதி, டீச்சரை மலைக்கு அந்தப் பக்கம் திண்ணனூர் நாட்டுப் பள்ளிக்கு மாற்றினார்கள். மழைக்கு அந்த ரோட்டில் மண் சரியும் என்று நமக்குத் தெரியும். வெளியூர்க்காரிக்குத் தெரியுமா? "ஸ்கூட்டர்ல போயிருவேங்க" என்றார். போகட்டும் என்று விட்டோம். மண்ணைத் தோண்டித்தான் அவரை எடுத்தோம்.

இன்று பேனரில் 'கணிதச் சுடர்' என்று போட்டிருக்கிறீர்கள். உயிரோடிருந்தபோது பன்னி, செத்த பிறகு சுடர். முதல் வகுப்புப் பிள்ளை ஒன்று என்னிடம், "டீச்சரையும் பன்னி தின்னுருச்சுங்களா அத்தை?" என்று கேட்டது. "பன்னியில்ல சாமி, நாமதான்" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

இமானுவேல் தம்பி, உங்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்கக் கூடாது. நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். இவர்கள் நிம்மதியாக ஊட்டுக்குப் போய்ச் சோறு தின்பார்கள்.

டீச்சர் போனதும் வகுப்புக்குப் பிரம்பு வந்துவிட்டது. என் மகள் மறுபடி பள்ளிக்கு வர மறுக்கிறாள். திங்கட்கிழமை அவளை நானே கூட்டி வருவேன். கணக்குப் பாடம் முடியும்வரை அவள் பக்கத்தில் தரையில் உட்காருவேன். கதை சொல்கிற ஆசிரியர் வந்தால் கேட்பேன். வராவிட்டால் டீச்சர் சொன்னதை நானே சொல்வேன். கொச்சையாகத்தான் வரும். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். பிரம்போடு வருகிறவர் முதலில் என் கையை நீட்டச் சொல்லட்டும். நீட்டுவேன். எழுந்து மட்டும் போகமாட்டேன்.